ஞாயிற்றுக்கிழமை நடையும் திங்கட்கிழமை வலியும்

கேள்வி: வயது 44. கணக்கு எழுதும் வேலை, நாளெல்லாம் நாற்காலிதான். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நடக்கிறேன். திங்களன்று முழங்கால் வலி. நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம், பிரித்துப் போடுங்கள். ஆறு நாள் சும்மா கிடந்த காலிடம் ஏழாம் நாள் மொத்தப் பாக்கியையும் கேட்டால் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேர்த்தி என்ற பழைய நிபந்தனை 2020 வழிகாட்டுதலில் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு விறுவிறுவென்று நடக்கும் ஆறு நிமிடமும் கணக்கில் வரும். வேகத்துக்கு அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அதற்கு நாற்காலியே போதும். சக்கரம் இல்லாததாகப் பார்த்துச் சுவரோரம் போடுங்கள். பாதங்களை இடுப்பகலம் வைத்து, சற்றுப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து, கை ஊன்றாமல் எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: தொப்பென்று விழுந்தால் தசைக்கு வேலையே இல்லை. எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். மூட்டு வீங்கினாலோ நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. பள்ளி விட்டு வந்தால் செல்போன்தான். தெருவில் ஓயாமல் வண்டிகள். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார்.
– வாசகி, சென்னை

பதில்: அந்த வயதுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும். பீரியடைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில், ‘போய் விளையாடு’ என்பதைவிடக் கையில் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுப்பது மேல். நடுக்கயிற்றை ஒரு காலால் மிதித்து இரு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள்வரை வர வேண்டும். நீளம் கூடினால் காலில் சிக்கும்; நாலு தரம் சிக்கினால் மூலையில் போட்டுவிடுவாள். சிமெண்ட் தரை என்றால் ஷூ போடட்டும். முதல் வாரம் இருபது குதி, ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்தால் பாண்டி ஆடலாம். மொட்டை மாடியில் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கேள்வி: தினம் 10,000 அடி கட்டாயமா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 3,000 அடி நடப்பவர் 4,000 ஆக்கினாலும் லாபம்தான்.