பெக்கோ பாதையில் பாட்டியின் தோட்டம்

அன்புள்ள ஐயா,

என் பாட்டி இலங்கையில் பூண்டுலோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு கப்பலேறி வந்து, கோத்தகிரியில் டேன்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தார். போன வருஷம் காலமாகிவிட்டார். ஏழு வயதில் அங்கிருந்து வந்த அப்பாவுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இப்போது அந்த மலைகளில் 'பெக்கோ டிரெயில்' என்று நடைபயணிகளுக்கு ஒரு நீண்ட பாதை இருப்பதாகப் படித்தேன். ஆனால் நம் ஆட்கள் உழைத்துச் செத்த மண்ணில் நானும் ஒரு டூரிஸ்டாகப் பையை மாட்டிக்கொண்டு அழகு பார்த்துப் போவது சரியா என்று மனசு உறுத்துகிறது. போகலாமா? முழுப் பாதையும் நடக்க வேண்டுமா? தோட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

(பெயர் வேண்டாம் என்றார்)
கோத்தகிரி

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாயம் போங்கள். அப்பாவின் கால்களில் தெம்பு இருக்கும்போதே போங்கள்.

அந்தப் பாதை கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா பக்கம் வந்து முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பகுதி பயணிகளுக்காகப் புதிதாக வெட்டியதல்ல. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும் ஃபேக்டரிக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வர, தோட்டத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த ரோடுகளும் குறுக்குப் பாதைகளும்தான் அவை. பாறையை உடைத்தது, காடு வெட்டியது, வடிகால் கான் எடுத்தது எல்லாம் உங்கள் பாட்டியின் பாட்டன்மார். அங்கே நடக்க உங்களைவிட உரிமை உள்ளவர் யார்? அழகாக இருந்தால் அழகு என்றே சொல்லுங்கள். அந்த மலைச்சரிவுகளின் அழகில் பாதி அவர்கள் கைவேலை.

ஆனால் முழுப் பாதையையும் நடக்காதீர்கள். 22 கட்டங்களையும் முடிக்கிற அவசரத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான எந்த லயத்திலும் நின்று பேச நேரம் இருக்காது. உங்களுக்கு வேண்டியது நான்காவதும் ஐந்தாவதும்: தவலந்தன்னையிலிருந்து பூண்டுலோயா, பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை. மீதி நாட்களைப் பூண்டுலோயாவில் தங்கிச் செலவழியுங்கள்.

வழியில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கச் சொல்வேன், லூல்கந்துர. இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லிருக்கையைக் காட்டுவார்கள். பாருங்கள். அதே ஹேவாஹெட்ட மலைப்பக்கம்தான் முல்லோயா தோட்டம். 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த கோவிந்தன் என்ற தொழிலாளி அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். டெய்லரின் இருக்கையில் நிற்கும்போது கோவிந்தன் பெயரையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

முன்னோர் நடந்த வழி என்று நீங்கள் தேடுவது பெக்கோ பாதை மட்டும் அல்ல. தேயிலைக்கு முந்திய கோப்பிக் (காப்பி) காலத்தில் நம் சனங்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்துதான் மலை ஏறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, 2023ல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். ஜூலை 28ல் புறப்பட்டு ஆகஸ்ட் 12ல் சேர்ந்தார்கள். உங்களிடம் ஓரிரண்டு நாள் மிச்சம் இருந்தால் தலைமன்னாருக்கும் போய் வாருங்கள். அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் கப்பல் அங்கிருந்துதான் புறப்பட்டது. அப்பாவுக்கு ஞாபகம் ஏதாவது கிளம்பலாம்.

இனி தோட்டத்தைக் கண்டுபிடிக்கிற காரியம். வீட்டில் பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டோ, தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அது மட்டும் போதாது. தோட்டத்தில் மேல்கணக்கா, கீழ்க்கணக்கா (மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா), எந்த டிவிஷன், ஆட்களைக் கூட்டிப்போன பெரிய கங்காணி யார், தமிழ்நாட்டில் பூர்வீகம் எந்த ஊர் என்று உறவுக்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துரை பங்களா ஆபீசில் போய் நிற்பதைவிட, சாயந்தரம் கோயிலடியில் கிழவிகளிடம் கேட்பது பலன் தரும்.

அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், கூடலூரில் இருக்கிற நண்பரின் தாத்தா பேரைச் சொல்லி நான் விசாரித்தேன். இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார். லயத்தின் கதவுகளை விரலால் எண்ணிக்கொண்டே போய், "அந்தா, தகரம் மாத்தியிருக்கே, அந்தக் காம்பராதான்" என்று ஓர் அறையைக் காட்டினார். "அவுங்க போற அன்னைக்கு ஸ்டேசன் வரைக்கும் எல்லாரும் அழுதுக்கிட்டே போனோம். ஒரு கடுதாசி வரல தம்பி." 1964ல் சாஸ்திரி, சிறிமாவோ என்று இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே லயத்தில் இந்தக் காம்பரா இங்கே, அந்தக் காம்பரா அங்கே என்று பிரிந்தது. கடிதம் வராத வருத்தத்தோடு அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பாட்டியின் போட்டோ ஒன்றைக் கொண்டுபோங்கள்.

லயத்தைப் படம் எடுக்கிறதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், அது ஆட்கள் குடியிருக்கிற வீடு. கொழுந்து பறிக்கிற பெண்களை நிறுத்திவைத்துப் படம் எடுக்கவே வேண்டாம், அவர்களுக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு டாபி நீட்டாதீர்கள். சாயத் தண்ணீர் (பாலில்லாத தேநீர்) கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள், ரொட்டியும் சம்பலும் கொடுத்தால் சாப்பிடுங்கள்.

மாசியில் போவது நல்லது. மழை குறைவு, அட்டைக்கடியும் குறைவு, காமன் கூத்து நடக்கிற காலமும்கூட. தோட்டம் தெரிந்ததும் கோயில் திருவிழா எப்போது என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகளெல்லாம் அப்போது வீடு வந்திருப்பார்கள், பெரியவர்களும் கோயிலடியில்தான் இருப்பார்கள். அப்பாவின் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேரையாவது அங்கே பிடித்துவிடலாம்.