முதல் குழந்தை சிசேரியனில் பிறந்திருந்தால் இரண்டாவது சுகப்பிரசவமாக முடியுமா?

பலருக்கு முடியும். "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான்" என்ற கூற்று 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது. அக்காலத்தில் கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக்காக வெட்டினார்கள், அத்தகைய தழும்பு பிரசவ வலியின்போது பிரியும் அபாயம் அதிகம். இன்று பெரும்பாலும் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகவே வெட்டுகிறார்கள். இவ்வகைத் தழும்பு ஒன்று மட்டும் உள்ளவர்கள் முயன்றால், நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவமாகிறது. தழும்பு பிரிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு.

வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது (பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்). ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு குழந்தையின் தலை கீழ்நோக்கி இல்லாமல் புரண்டிருந்ததால் அறுவை செய்திருந்தால், இம்முறை அந்தக் காரணம் இல்லாமலே போகலாம். ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். நெடுக்கு வெட்டு, முன்பே கருப்பை கிழிந்தது, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பது ஆகியவை இருந்தால் முயலக் கூடாது.

பிரசவ வலி வந்தபின் குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். துடிப்பு குறைவதே பெரும்பாலும் தழும்பு பிரிவதன் முதல் அறிகுறி. எனவே எந்நேரமும் அறுவை அரங்கும், மயக்க மருந்து நிபுணரும், இரத்தமும் கிடைக்கும் மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள்.