மகளுக்கு இன்னும் 14 ஆகவில்லை, ராஃப்டிங் போகலாமா?

கேள்வி: ஐப்பசியில் குடும்பத்தோடு காசிக்குப் போய் நகரச் சத்திரத்தில் தங்கிவிட்டு, அங்கிருந்து ரிஷிகேஷ் செல்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகனும் 13 வயது மகளும் கங்கையில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு, போயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மகளுக்கு 14 என்று சொல்லிவிட்டால் போதும் என்கிறார் பயண ஏற்பாட்டாளர். பிள்ளைகளின் அப்பத்தாவோ, "கங்கையில் முங்கப் போகிறோமா, முழுகப் போகிறோமா?" என்று கோபிக்கிறார்கள். எனக்கும் உள்ளூர ஆசைதான்; ஆனால் நீச்சல் தெரியாது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன செய்யலாம்?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள ஆச்சி, மகள் இந்த முறை போக வேண்டாம். 14 வயது நிறையாதவர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்பது உத்தராகண்ட் அரசின் விதி. லைஃப் ஜாக்கெட் உடம்போடு இறுகப் பொருந்தினால்தான் காப்பாற்றும். மெலிந்த பிள்ளைக்கு அது தளர்ந்திருந்தால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்க, முகம் உள்ளே போய்விடும். அதைவிட எனக்கு உறுத்துவது அந்த ஏற்பாட்டாளரின் யோசனை. வயதில் பொய் சொல்லச் சொல்பவர் வேறு எந்தெந்த விதிகளைத் தளர்த்துவார் என்பது நமக்குத் தெரியாது. படகுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

மகனைத் தடுக்க வேண்டாம். அவர் போகலாமா என்பதைவிட, எங்கிருந்து ஏறுகிறார் என்பதே முக்கியம். ரிஷிகேஷுக்கு மேலே கௌடியாலா, மரீன் டிரைவ், சிவ்புரி, பிரம்மபுரி என்று படகு ஏறும் இடங்கள் வரிசையாக உள்ளன. பாறைகளுக்கிடையே நீர் குமுறிப் பாயும் இடங்களை, அதாவது ரேப்பிட்களை, ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆறு என்பது உயிரைப் பணயம் வைப்பது. கௌடியாலாவிலிருந்து வருபவர்கள் 'தி வால்' என்ற நான்காம் தர ரேப்பிட்டைக் கடக்க வேண்டும். முதல் தடவை போகிறவருக்கு அது வேண்டாத வேலை. சுமார் 16 கிலோமீட்டர் வரும் சிவ்புரிப் பாதை இளைஞருக்குத் தாராளமாகப் போதும். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்ற ரேப்பிட்கள் இரண்டும் அதில்தான் வருகின்றன. ஆசை தீர நனைந்துவிடுவார். மழைக்காலத்தில், ஜூலையிலும் ஆகஸ்டிலும், படகுகள் ஓடுவதில்லை. ஐப்பசிக்குள் வெள்ளம் வடிந்திருக்கும்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். பிரம்மபுரியிலிருந்து வரும் சிறிய பாதைக்கு நீச்சல் கட்டாயமில்லை. தெரியாது என்பதைப் படகோட்டும் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம்தான் யோசிக்க வேண்டியது. கங்கை பனி உருகி வரும் ஆறு; அந்தக் குளிர்ந்த நீர் திடீரென உடம்பில் பட்டால் மூச்சு திணறும், அழுத்தமும் சட்டென ஏறும். ஆகவே கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம். சரி என்றால், அன்று காலை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். விரதமிருந்து வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள்.

ஜாக்கெட்டை மாட்டியதும் பக்கத்தில் இருப்பவரை இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள்; அது மோவாயைத் தாண்டி ஏறினால் வார்களை இன்னும் இறுக்க வேண்டும். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடியே பிடித்திருங்கள். கை நழுவினால் அது அடுத்தவர் பல்லைப் பதம் பார்த்துவிடும். ஊருணியில் தவறி விழுந்தவர் உடனே படியைத் தேடிக் காலூன்றுவார். ஆற்றில் அதுவே ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி, விரல்நுனி மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். மீட்கும் வேலையைப் படகில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதை மகனையும் வீட்டிலேயே ஒருமுறை தரையில் படுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சேலையும் ஜீன்ஸும் உதவாது, நனைந்தால் கனத்துவிடும். சீக்கிரம் உலரும் சல்வார் போதும், துப்பட்டா வேண்டாம். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி அப்பத்தாவிடம் கொடுத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது என்பதால், கழுத்து மூடிய சட்டைக்குள் விட்டு, அதன்மேல் ஜாக்கெட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். செல்போன் கரையிலேயே இருக்கட்டும். ஒரு கையில் கேமராவும் மறு கையில் துடுப்புமாக உட்காருபவர் மற்றவர்களுக்கும் சேர்த்து ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

முன்பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: அரசு உரிமம் இருக்கிறதா, வழிகாட்டி உரிமம் பெற்றவரா, மீட்புக்காகக் கூடவே ஒரு கயாக், அதாவது ஒருவர் ஓட்டும் சிறு படகு, வருமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மகனுக்குச் சிவ்புரியும், மருத்துவர் சம்மதித்தால் உங்களுக்குப் பிரம்மபுரியும் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் மகள் அப்பத்தாவோடு படித்துறையில் இருக்கட்டும். 14 நிறைந்ததும் அடுத்த முறை அவள்தான் முதலில் ஏற வேண்டும் என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள், கோபம் பாதி குறையும்.