பதினாறாம் கட்டம்

அன்புள்ள ஐயா,

நான் நெப்ராஸ்காவில், ஓமாஹா நகரில் வசிக்கிறேன். சென்ற மாதம் மகளுடன், இங்கே பாதுகாத்து வைத்திருக்கும் பழைய ஓரறைப் பள்ளி ஒன்றைப் பார்த்தேன். மேசையில் பிள்ளைகள் செதுக்கியிருந்த பெயர்களை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எந்த அரசின் உதவியும் இல்லாமல், குடியேறிய ஏழை விவசாயிகள் தாங்களே மண்ணை வெட்டிக் கட்டிய பள்ளிகள் இவை. அந்த வேட்கை நம்மவர்களிடம் ஏன் இல்லை? எட்டு வகுப்புகளும் ஒரே அறையில் படித்த அந்த முறையை நாம் மீட்க முடியாதா?

ச.

அன்புள்ள ச.,

விடுமுறை நாளில் மகளைப் பள்ளிக்கூடம் பார்க்க அழைத்துப்போன தகப்பனைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: ‘எந்த அரசின் உதவியும் இல்லாமல்’ என்பதை எங்கே பிடித்தீர்கள்? அந்தப் பள்ளிக்குக் கீழே இருக்கும் நிலத்தைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

1785-இல் அமெரிக்காவில் ஒரு நிலச் சட்டம் வந்தது. மேற்கே உள்ள நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் அளந்து, ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று டவுன்ஷிப்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 36 கட்டங்கள். கட்டத்துக்கு 640 ஏக்கர். அதில் 16-ஆம் எண் கட்டம் பள்ளிக்கு. அங்கே குடிவரப்போகிற விவசாயி தன் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அவன் பிள்ளை படிக்க 640 ஏக்கர் ஒதுக்கியாயிற்று! 1867-இல் மாநிலமான உங்கள் நெப்ராஸ்காவுக்குக் கிடைத்தது ஒன்றல்ல, இரண்டு கட்டங்கள்: 16, 36. அதாவது டவுன்ஷிப்புக்கு 1,280 ஏக்கர். விற்ற பணமும் குத்தகைப் பணமும் பள்ளிகளுக்கு. ஊரார் வரியும் கொடுத்தார்கள், உடலுழைப்பும் தந்தார்கள்; அதை மறுக்கவில்லை. ஆனால் வெறும் வேட்கையை வைத்துக்கொண்டு வாத்தியாருக்குச் சம்பளம் போட முடியாது.

இது சில நாட்களாகவே என்னைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு யாரோ ஒரு புண்ணியவான் புளியந்தோப்பு எழுதிவைத்திருந்தார். புளி உலுக்கும் காலத்தில் ஏலம் நடக்கும். எங்கள் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, தமக்குச் சம்பந்தமே இல்லாதவர்போல் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். காது முழுக்க ஏலத்தில்தான் இருக்கும். நல்ல விலை போன வருடம் புதுக் கூரை. போகாத வருடம் மழை நாளெல்லாம் விடுமுறை. பிறகு அந்தத் தோப்பு யார் யார் கைக்கோ போய், இப்போது மனைகளாக நிற்கிறது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் தோப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம்மவர்களுக்கு வேட்கை இல்லை என்ற பல்லவியைத் தயவுசெய்து விடுங்கள். திண்ணைப் பள்ளிக்குள் யார் யாரை ஏறவிடவில்லை என்று உங்கள் பாட்டன் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

சரி, அந்த மண் பள்ளிகளுக்கு வருவோம். மரமில்லாத புல்வெளி. புல்வேர் பின்னிய மண்ணைக் கலப்பையால் பட்டைபட்டையாக அறுத்து, புல் பக்கம் கீழே வருமாறு அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அடுப்புக்கு விறகு கிடையாது. முறுக்கிய வைக்கோல், சோளத்தக்கை, காய்ந்த சாணம். உள்ளே நின்று பாடம் நடத்தியது பெரும்பாலும் ஓர் இளம்பெண்; பலருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்பது அவளை அமர்த்தியதற்கு முக்கியமான காரணம். பல ஊர்களில் அவள் தங்கியதும் முறைவைத்து, வாரம் ஒரு வீட்டில். 1888 ஜனவரி 12-ஆம் தேதி இதமாக விடிந்த பொழுது, பள்ளி நேரத்தில் பனிப்புயலாக மாறியது. சுமார் 235 பேர் மாண்டார்கள். வீடு திரும்பும் வழியில் சிக்கிய பிள்ளைகளும் அதில் உண்டு. மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, கூரை பிய்ந்துபோன மண் பள்ளியிலிருந்து தன் மாணவர்களைப் பத்திரமாக ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். நாடே அவளைக் கொண்டாடியது. மற்ற ஆசிரியைகளின் சம்பளத்தை யாரும் உயர்த்தியதாகத் தெரியவில்லை.

மறுபடியும் நிலம். விடமாட்டேன். அந்தப் பதினாறாம் கட்டம் அதற்கு முன் யாருடையது? பானி என்ற பழங்குடி மக்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாக நிலத்தை இழந்து, 1870-களில் நெப்ராஸ்காவை விட்டே தெற்கே போனார்கள். அவர்களுக்கென்று விட்டுவைத்திருந்த கடைசித் துண்டில் இருக்கிறது ஜெனோவா என்ற ஊர். அங்கே 1884-இல் அரசு ஓர் உறைவிடப் பள்ளி திறந்தது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளி. 1934 வரை நடந்தது. விவசாயியின் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போன அதே காலம், அதே மாநிலம்.

ஓமாஹாவிலிருந்து ஜெனோவாவுக்குக் காரில் சுமார் இரண்டு மணி நேரம்தான். அங்கும் ஒரு காட்சியகம் இருக்கிறது. பெயர்களைத் தடவிப் பார்க்கத் தெரிந்த பெண் உங்கள் மகள். அவளை அங்கேயும் அழைத்துப் போங்கள். பள்ளிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில் 12 லட்சம் ஏக்கருக்கு மேல் இன்னும் உங்கள் மாநிலத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் பார்த்த பள்ளியின் டவுன்ஷிப்பில் 16-ஆம் கட்டம் விற்றுப்போயிற்றா, குத்தகையில் இருக்கிறதா என்று விசாரித்து எழுதுங்கள்.

எட்டு வகுப்பு ஒரே அறையில் நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நடத்தலாம். மூன்றாம் வகுப்பு ஒப்பித்த வாய்ப்பாட்டை ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தே பாடம் செய்தவன் நான்.

அன்புடன்.