ஐம்பது வயதில் புதுத்தொழில்

கேள்வி: ஆலை மூடி வேலையிழந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு மோட்டார் காயில் (உள்ளே சுற்றும் கம்பிச் சுருள்) கட்டக் கற்றுத் தருகிறோம். மூன்றாம் நாளே பாதிப்பேர் நின்றுவிடுகிறார்களே?
– வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: கரும்பலகையில் தொடங்கினீர்களா? முப்பது ஆண்டு தறி ஓட்டியவரைப் பள்ளிப் பிள்ளைபோல் உட்காரவைத்தால் கூசிப்போவார். முதல் நாளே எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரிக்கக் கொடுங்கள். பழைய சுற்றுகளை அவர்களே எண்ணி எழுதட்டும்.

என் வகுப்பில் 56 வயது ஃபிட்டர் ஒருவர் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார். அளக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன். கோடுகள்தான் கண்ணுக்குத் தெரியவில்லை! பூதக்கண்ணாடி கொடுத்ததும் கம்பியின் தடிமனைப் பிசகாமல் சொன்னார். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கூலி இழப்பும் பெரிய காரணம். 2023இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் தருகிறார்கள். படகு கட்டுபவர், மீன்வலை பின்னுபவர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு மட்டும். காயில் கட்டுவது அதில் இல்லை; நீங்களும் ஒரு படிப்பணத்துக்கு வழி தேடுங்கள்.