குத்தகை நிலத்து நெல்லை யார் பெயரில் விற்பது?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் நான்கு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, குறுவையில் ஆடுதுறை 43 ரக நெல் போட்டிருக்கிறேன். குத்தகை வாய்ப்பேச்சுதான், சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது. அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நான் விற்க முடியுமா? வியாபாரி ஒருவர் வயலிலேயே மூட்டை 1,150 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுத்துவிடாதீர்கள் தம்பி. குத்தகைக்காரரும் கொள்முதல் நிலையத்தில் விற்கலாம். இந்தப் பருவத்தில் அந்தச் சர்வே எண்ணில் பயிர் வைத்தவர் நீங்கள்தான் என்று காட்டினால் போதும். அதற்கு அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமப் பதிவேட்டில்) சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் ஏற வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்குப் புத்தகமும் உங்களுடையதாக இருக்கட்டும். பணம் நேரே கணக்கில்தான் விழும்.

பயிர் வயலில் நிற்கும்போதே இந்தச் சான்றை வாங்கிவிட வேண்டும். அறுத்துக் குவித்த பிறகு போனால், "வயலில் பயிரைப் பார்க்காமல் எப்படி எழுதுவது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட நிலக்காரர் தயங்கலாம். கையெழுத்துப் போட்டால் 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நிலத்தை விட்டு எழுந்திருக்க மாட்டீர்களோ என்ற பயம் அது. குறுவைக்கு மட்டும் என்று ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் அதற்கு இறங்கி வருவார்கள். நிலம் வைத்திருப்பவர்தான் விவசாயி என்று எண்ணிப் போட்ட படிவங்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் நான். நிலமில்லாமல் உழைப்பை மட்டும் கொண்டுவரும் பிள்ளைகள்தான் இன்று வயலுக்குத் திரும்புகிறார்கள். அவர்களை ஒவ்வொரு மேசையிலும் "நீ யார்?" என்று கேட்கிற முறையை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பது?

இனி வியாபாரி சொன்ன விலை. மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று அவரிடம் கேட்டீர்களா? கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. உங்கள் பக்கத்து வியாபாரிக்கு அது 60 கிலோ, அதற்கு மேல் "சாக்குக்கு, ஈரத்துக்கு" என்று இரண்டு கிலோ. 62 கிலோவுக்கு 1,150 என்றால் குவிண்டால் சுமார் 1,855 ரூபாய்தான். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகத்துக்கு அரசு கொடுப்பது மாநில ஊக்கத்தொகையோடு 2,545. பொது ரகத்துக்கு 2,500. ஆடுதுறை 43 சன்ன ரகம். 22 சதவீத ஈரத்தில் அறுத்ததை நிலையம் கேட்கும் 17-க்குக் காயவைத்தால் நூறு கிலோ 94 ஆகும். அதைக் கழித்துப் பார்த்தாலும், நீங்கள் 80 குவிண்டால் எடுத்தால் வித்தியாசம் 40,000 ரூபாயைத் தாண்டும். களத்துக் கூலி, வண்டி வாடகை போனாலும் மிச்சம் உங்களுடையது.

இதைவிட மோசமான ஆட்கள் இன்னொரு வகை. "உனக்கு ஏன் அலைச்சல், அடங்கலையும் பாஸ்புக்கையும் கொடு, நான் போட்டுத் தருகிறேன்" என்று வருவார்கள். கொடுத்துவிடாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் உங்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் உங்களிடம் நெல் வாங்குவார்கள். அந்த ஆள் வெளியிலிருந்து மலிவாக வாங்கிய நெல்லை உங்கள் பெயரில் போட்டுவிட்டால், உங்கள் நெல்லோடு நீங்கள் போகும் நாளில் கணக்கு முடிந்திருக்கும். பிறகு விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான், ஏனென்றால் நிலையத்தில் பதிவான கைரேகை உங்களுடையது. விவசாயத்துக்கு வந்த முதல் வருடத்திலேயே இப்படிச் சிக்கிய ஒரு பையனுக்காக நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட பிறகு யாராலும் அதிகம் செய்ய முடியவில்லை.

மூட்டைக்கு இவ்வளவு என்று எடை போடும் இடத்தில் கை நீட்டினால் ரசீது கேளுங்கள். அங்குள்ள சுமைதூக்குவோர் கூலி விவசாயி தலையில் விழ வேண்டியதில்லை. சாக்கும் நிலையத்துடையதுதான்.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நம்பித்தான் பலர் கெடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் மாநில அரசு தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுதும். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும், அப்புறம் உத்தரவு வரும். 2022 குறுவையில் 19 சதவீதம் வரை வாங்க அனுமதி கிடைத்தது. கேட்ட வருடமெல்லாம் கிடைத்ததில்லை. கிடைக்கும் வருடத்திலும் குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும்போது இங்கே குவியலுக்குள் நெல் முளைத்துவிடும். ஐப்பசியில் டெல்டாவில் மழை பெய்யும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கடிதம் எழுதி, புதிதாகக் குழு வந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமா? பேப்பரில் செய்தி வந்தது என்று ஈர நெல்லை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். உத்தரவு நிலையத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஈரமானியில் என்ன காட்டுகிறது என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

நிலையத்தில் வரிசை நீண்டுவிட்டால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தையும் விசாரித்து வையுங்கள். வியாபாரிகள் விலையை எழுதிப் போடும் மறைமுக ஏலம், சரியான எடை, உங்களிடம் தரகு பிடிப்பதில்லை. விலை மட்டும் அன்றைய ஏலத்தைப் பொறுத்தது.

நாளைக் காலை முதல் வேலையாக நிலக்காரரிடம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். முடிந்தால் அவரை வண்டியில் ஏற்றி வயலுக்கு அழைத்து வந்து காட்டுங்கள். சான்று கைக்கு வந்ததும் கொள்முதலுக்கு முன்பதிவு செய்யுங்கள். அறுவடை மெஷினுக்கு அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.