பையன் என்றால் எந்த வயதுப் பையன்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி: ‘பையன் போதைக்குப் பழகிவிட்டான், மூளைக்குக் கெடுதலா?’ பையன் என்றால் 13 வயதா, 23 வயதா? வாரத்துக்கு எத்தனை தடவை? எத்தனை மாதமாக? வயது, அளவு, காலம் மூன்றும் இல்லாமல் எழுதினால் ஜோசியம்தான் சொல்ல முடியும். வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும் மகன் கஞ்சா பிடிக்கிறான். நிரந்தரப் பாதிப்பு வருமா? (காரைக்குடி)

வயது தெரிந்தது. அளவு எங்கே? தினமும் என்றால் கவனம், நினைவு, திட்டமிடும் திறன் மூன்றும் அடிபடும். முன்மூளை பக்குவப்பட 25 வயது ஆகிறது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறானோ அவ்வளவு மோசம். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவன் என்றால் நிரந்தரம் என்ற பேச்சே வேண்டாம். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், உட்கார்த்திப் பேசுங்கள்.

மூலிகைதானே சார்? கனடாவில் சட்டமே அனுமதிக்கிறது. (கல்லூரி மாணவர், வயது 19)

ஊமத்தையும் மூலிகைதான். கனடா 2018இல் அனுமதித்தது உண்மை. ஆனால் அங்கே பெரும்பாலான மாகாணங்களில் 19 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, கியூபெக்கில் 21. இந்தப் பாதியை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

கஞ்சா பிடித்தால் ஐ.க்யூ. 8 புள்ளி குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பாதி உண்மை. நியூசிலாந்தின் டுனிடினில் 1970களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் பேரைக் குழந்தையிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் பதின்ம வயதில் தொடங்கி 38 வரை விடாமல் பழகியவர்களுக்குத்தான் அந்தச் சரிவு. பின்னால் இரட்டையரை ஒப்பிட்டபோது, பழகியவருக்கும் பழகாத உடன்பிறப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வளர்ந்த சூழலுக்கும் பங்கு உண்டு. ஆகவே 8 என்ற எண்ணைக் காட்டிப் பிள்ளையை மிரட்டாதீர்கள். பத்து நிமிடம் தேடி அவனே மறுத்துவிடுவான். பிறகு நீங்கள் சொல்லும் நிஜத்தையும் நம்ப மாட்டான்.

16 வயதுப் பேரன் எங்களோடு இருந்து படிக்கிறான். மகனும் மருமகளும் சிங்கப்பூரில். கஞ்சாப் பழக்கம் தெரிந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எல்லாம் நார்மல். இனிக் கவலையில்லையே? (பள்ளத்தூர்)

கவலை உண்டு ஆச்சி. கோபம் உங்கள் மேல் இல்லை, எழுதிக் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்.

எம்.ஆர்.ஐ. கட்டியைக் காட்டும், ரத்தக் கசிவைக் காட்டும், பக்கவாதத்தைக் காட்டும். கஞ்சா செய்யும் கோளாறு நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில். பதின்ம வயதில் மூளை வேண்டாத இணைப்புகளைக் கழித்து, வேண்டியதைக் கெட்டிப்படுத்துகிறது. அந்த வேலையில் பங்குள்ள மூளையின் சொந்த ரசாயனம் உட்கார வேண்டிய இடத்தில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. போய் உட்கார்ந்துகொள்கிறது. இது ஃபிலிமில் விழாது. ஆராய்ச்சிகளில் ஸ்கேன் வித்தியாசம் சொல்கிறார்களே என்றால், அது நூற்றுக்கணக்கானோரின் சராசரி. ஒரு பையனின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ‘மூளையில் ஓட்டை’ என்று கலர் கலராகச் சுற்றுகிற படங்களும் ஓட்டை அல்ல. ரத்த ஓட்டம் குறைந்த இடத்தைக் கம்ப்யூட்டர் வெறுமையாகக் காட்டுகிறது.

இதில் பெரிய கெடுதல் அந்த நார்மல் காகிதம்தான். பையனுக்கு அது லைசென்ஸ். ‘ஸ்கேன்லயே ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டு மறுபடி ஊருணிக்கரைக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூருக்குப் படமெடுத்து அனுப்ப ஒரு ரிப்போர்ட் வேண்டும், அதற்கு ஏழெட்டாயிரம் ரூபாய். வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, ஒரு பக்கம் கைகால் இழுக்கிறதா, அப்போது எடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு மனநல மருத்துவரிடம் பல தடவை போய் வரலாம்.

ஸ்கேனைவிட உங்கள் கண் மேல். மார்க் எப்போது இறங்கியது? தூக்கம் மாறியதா? பழைய சிநேகிதர்கள் ஏன் வருவதில்லை? ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் பங்காளி வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வயது, அளவு, காலம் அதில் இருக்கட்டும். வேறு சென்டரில் இன்னொரு தடவை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் ஆச்சி.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இதுவும் போதையில் சேருமா? (ஆசிரியை, தேவகோட்டை)

சேரும். நிகோடின் அந்த வயதில் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், கவனத்தையும் கெடுக்கும். பிள்ளைகளை அடிப்பதை விட்டுவிட்டு விற்கிறவரைப் பாருங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: 18 வயதுக்குக் கீழானவருக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

பஞ்சர் சொல்யூஷன் முகர்வது கஞ்சாவைவிடப் பரவாயில்லையா?

இல்லை, அதைவிட மோசம். அதிலுள்ள டொலுயீன் என்ற கரைப்பான் மூளையின் வெண்பகுதியை அரிக்கும். நாள்பட்டால் இதில் ஸ்கேனிலேயே சேதம் தெரியும். ஒரே முறை முகர்ந்து இதயம் நின்று போனவர்களும் உண்டு. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் இருந்த ஒரே போதை வகை இதுதான்.

ஒரு வருடமாகத் தினமும் கஞ்சா. இப்போது எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான், தனியாகச் சிரிக்கிறான். செய்வினை என்கிறார்கள். (வயது 18)

இதற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கக் கூடாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்றே கூட்டிப்போங்கள். சுவீடனில் 1969-70இல் ராணுவத்துக்கு வந்த சுமார் 50 ஆயிரம் இளைஞர்களைப் பல வருடம் கவனித்தார்கள். 50 தடவைக்கு மேல் பழகியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது, பழகாதவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. பிடித்த எல்லாருக்கும் வராது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் ஆபத்து கூடும். குன்றக்குடி முருகன் கோயிலுக்கும் போய்வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அவனுக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்க மருந்து உண்டா?

எத்தனை தடவை எழுதுவது? கூடாது. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராமை ரகசியமாகக் கலந்து, அவன் அன்றைக்கே குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. கஞ்சாவுக்கு அப்படி ஒரு மருந்தே கிடையாது. விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

டாக்டரிடம் சொன்னால் போலீஸுக்குப் போகுமா?

போகாது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, கைவசம் சிறிதளவு வைத்திருந்த அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து காக்கிறது. பாதியில் ஓடினால் காக்காது. முதலில் ஃபோனில் பேசத் தோன்றினால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ், 14416, காசு கிடையாது.

17 வயதில் தொடங்கினேன். விட்டு இரண்டு மாதம். போன நினைவாற்றல் திரும்புமா? (வயது 20)

பெரும்பகுதி திரும்பும். ஒரு மாதம் விட்ட இளைஞர்களிடம் நினைவுச் சோதனை மதிப்பெண் ஏறியது. அந்த ஏற்றத்தில் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. தூக்கக் கோளாறும் எரிச்சலும் உங்களுக்கு இந்நேரம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். மூளை டானிக் வாங்காதீர்கள்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுவானா?

பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டீர்களா?